ஸ்கீட்டின் ஆங்கிலச் சொற்பிறப்பியல் அகராதி: மொரீசியஸ் தமிழ் வாசகரின் மதிப்புரை

மொரீசியஸ் தமிழர்களுள் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழியாகவோ நான்காவது மொழியாகவோதான் வந்து சேர்கிறது. வீட்டில் பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல், நாளிதழில் பிரெஞ்சு, கோவிலிலும் பள்ளித் தமிழ் வகுப்பிலும் தமிழ், அரசுப் படிவத்திலும் கேம்பிரிட்ஜ் தேர்வுத்தாளிலும் ஆங்கிலம் என்று அன்றாட வேலைகளே மொழிகளைப் பங்கிட்டுக்கொண்டுவிட்ட நாட்டில், ஆங்கிலச் சொற்களின் பிறப்பைச் சொல்லும் அகராதி ஒன்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா என்ற கேள்வி நியாயமானதே. வால்ட்டர் வில்லியம் ஸ்கீட் தொகுத்த 'ஆங்கில மொழியின் சுருக்கச் சொற்பிறப்பியல் அகராதி'யைப் பழைய புத்தகமாக வாங்கி நெடுநாளாகப் புரட்டி வருபவன் என்ற முறையில், வாங்கலாம் என்றே சொல்வேன். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவரைவிட நமக்கே அது கூடுதலாகப் பயன்படும் என்றும் சொல்வேன்.

ஸ்கீட் 1835இல் பிறந்து 1912இல் மறைந்தவர். கேம்பிரிட்ஜின் கிறிஸ்து கல்லூரியில் கணித விரிவுரையாளராகத் தொடங்கி, 1878இல் அப்பல்கலைக்கழகத்தின் ஆங்கிலோ-சாக்சன் பேராசிரியர் ஆனவர். அவருடைய பெரிய சொற்பிறப்பியல் அகராதி 1879 முதல் 1882 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. சுருக்கப் பதிப்பு 1882இல் வந்து, 1901இல் திருத்தி எழுதப்பட்டது. ஆக்ஸ்போர்டின் பேரகராதியோ 1884இல்தான் முதல் பகுதியைக் கண்டு 1928இல் நிறைவு பெற்றது. ஆகவே இன்று எந்த மாணவரும் நூலகத்தில் எளிதாகப் பெறும் வரலாற்றுச் சான்றுகள் பலவற்றை ஸ்கீட் கையெழுத்துச் சுவடிகளிலிருந்து தாமே தேடி எடுக்க வேண்டியிருந்தது. கணிதம் பயின்றவரின் மனப்பாங்கு நூல் முழுவதும் தெரிகிறது. இரண்டு சொற்கள் ஒலியில் ஒத்திருக்கின்றன என்பதற்காக அவற்றை உறவினர் என்று அவர் ஒப்புக்கொள்வதில்லை. இடையில் நின்ற வடிவங்களைக் காட்டினால்தான் ஒப்புக்கொள்கிறார்.

பதிவுகள் அமைந்திருக்கும் முறையை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் புதிதாகத் திறப்பவரை அது சற்று மிரட்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஓரிரண்டு எழுத்துகள் இருக்கும். 'ஈ' என்றால் தூய ஆங்கிலச் சொல். 'எல்' என்றால் இலத்தீனிலிருந்து நேரே வந்தது. 'எஃப் – எல்' என்றால் இலத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் பின்னால் கிரேக்கத்துக்குரிய குறியும் சேர்ந்தால், இலத்தீனே அதைக் கிரேக்கத்திடம் கடன் வாங்கியது என்று பொருள். இந்தக் குறிகளைப் பழகிக்கொண்டால் பதிவின் பாதி, படிக்கும் முன்பே விளங்கிவிடும். 'நைஸ்' என்ற சொல்லின் பதிவை எடுத்துக்கொள்வோம். சில வரிகளே உள்ள பதிவு அது. குறி 'எஃப் – எல்'. இடைக்கால ஆங்கிலத்தில் இதற்கு 'மூடத்தனமான, அப்பாவியான' என்று பொருள். பழைய பிரெஞ்சிலும் 'சோம்பலான, பேதையான' என்பதே பொருள். அதற்கு அடியில் இலத்தீனின் 'நெஸ்கியுஸ்', அதாவது அறியாதவன். அதைப் பிரித்தால் 'நே' என்ற எதிர்மறையும், அறிதல் என்று பொருள்படும் 'ஸ்கீரே' என்ற வினையும் கிடைக்கின்றன. 'சயன்ஸ்' என்ற சொல்லும் அதே 'ஸ்கீரே'யிலிருந்து வந்ததுதான். அறிவியலும் அறியாமையும் ஒரே வினையின் மக்கள் என்பதை அகராதி எவ்வித வியப்புக்குறியும் இன்றிச் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறது. மூடன் என்ற பொருள் எப்படி நாணமுள்ளவன், நுணுக்கம் பார்ப்பவன், இனிமையானவன் என்று படிப்படியாகத் திரும்பியது என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ள வேண்டும். இந்தச் சிக்கனம் எனக்குப் பிடித்திருக்கிறது; எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

'எஃப் – எல்' என்ற அந்தக் குறிதான் மொரீசியஸ் வாசகருக்குப் பெரிய திறவுகோல். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபோது ஆங்கிலம் பேசிய நாட்டின் மீது பிரெஞ்சு வந்து அமர்ந்தது. அரண்மனையும் நீதிமன்றமும் பிரெஞ்சில் பேச, உழவர் ஆங்கிலத்தில் பேசினர். 1810இல் பிரித்தானியர் இத்தீவைக் கைப்பற்றியபோது பிரெஞ்சு பேசிய நாட்டின் மீது ஆங்கிலம் வந்து அமர்ந்தது; சரணடைவு உடன்பாடு குடிகளின் சமயம், சட்டம், வழக்கம் ஆகியவற்றை விட்டுவைத்தது, அவற்றோடு பிரெஞ்சும் நின்றுவிட்டது. இரண்டு இடத்திலும் வந்த மொழி இருந்த மொழியைத் துரத்தவில்லை. ஆகவே இங்கிலாந்து மாணவர் மனப்பாடம் செய்ய வேண்டிய நடுப்படி, அதாவது பிரெஞ்சு வடிவம், நம் வாயில் கிரியோலாக ஏற்கெனவே இருக்கிறது. அகராதி காட்டும் ஏணியில் நாம் நடுவிலிருந்தே ஏறலாம், இறங்கலாம்.

'டெப்ட்', 'டௌட்' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களின் நடுவில் ஒலிக்காத ஒரு 'பி' எழுத்து உட்கார்ந்திருப்பதை நம் பிள்ளைகள் தேர்வுக்குத் தேர்வு மறந்துவிட்டு மதிப்பெண் இழக்கிறார்கள். அகராதியைத் திறந்தால் குற்றம் பிள்ளைகளுடையது அன்று என்பது தெரியும். இடைக்கால ஆங்கிலத்தில் இவை 'பி' இல்லாமலே எழுதப்பட்டன, ஏனெனில் அவை வந்த பிரெஞ்சு வடிவங்களில் அந்த எழுத்து இல்லை. பின்னர் இலத்தீன் கற்ற அறிஞர்கள், மூலத்தில் 'தேபிதும்' என்றும் 'துபிதாரே' என்றும் இருப்பதை நினைத்து, அந்த எழுத்தைத் திரும்பக் கொண்டுவந்து செருகினார்கள். உச்சரிப்பு மட்டும் அவர்களுக்குப் பணியவில்லை. கிரியோலில் நாம் கடனைத் 'தெத்' என்றும் ஐயத்தைத் 'தூத்' என்றும் சொல்கிறோம். நடுவில் எதுவும் இல்லை. பழைய ஆங்கிலேயர் எழுதிய நேர்மையான வடிவத்துக்குப் போர்ட் லூயிஸ் சந்தையில் பேசப்படும் வடிவம் மிக அருகில் நிற்கிறது.

தீவில் வாழ்பவர் கட்டாயம் பார்க்க வேண்டிய பதிவு 'ஐலண்ட்'. அதற்கும் 'ஐல்' என்ற சொல்லுக்கும் பிறப்பில் எந்தத் தொடர்பும் இல்லை என்றால் முதலில் நம்பத் தோன்றாது. 'ஐல்' இலத்தீனின் 'இன்சுலா'விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. நம் கிரியோலின் 'ஸில்' அதன் உடன்பிறப்பு. 'ஐலண்ட்' என்பதோ நீர் சூழ்ந்த நிலம் என்று பொருள்படும் தூய பழைய ஆங்கிலச் சொல். அதில் 'எஸ்' என்ற எழுத்து இருந்ததே இல்லை. பிரெஞ்சுச் சொல்லைப் பார்த்து மயங்கியவர்கள் அந்த எழுத்தைச் செருகிவிட்டார்கள். 'டெப்ட்' என்ற சொல்லிலாவது செருகலுக்கு ஒரு வரலாற்று நியாயம் உண்டு. இதில் அதுவும் இல்லை. ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் இவ்விரு சொற்களுக்கும் அகராதி வெவ்வேறு குறி இட்டிருப்பதைப் பார்க்கும்போதுதான், அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்தச் சிறு எழுத்துகளின் மதிப்பு புரிகிறது.

இலத்தீன் சொற்கள் ஆங்கிலத்துக்குள் ஒரே வழியில் வரவில்லை என்பதும் இந்நூலைப் புரட்டப் புரட்டத் தெளிவாகிறது. ஆங்கிலேயரின் முன்னோர் பிரித்தானியாவுக்குக் கடல் கடந்து வருமுன்பே ரோமானிய வணிகரிடமும் படைவீரரிடமும் வாங்கிய சொற்கள் ஒரு வகை: கல் பாவிய பாதையான 'ஸ்த்ராதா'விலிருந்து 'ஸ்ட்ரீட்', 'வீனும்' என்பதிலிருந்து 'வைன்', 'காசேயுஸ்' என்பதிலிருந்து 'சீஸ்', ஆயிரம் காலடி என்று பொருள்படும் தொடரிலிருந்து 'மைல்'. இவை அவ்வளவு பழையவை ஆதலால் கிரியோலில் இவற்றுக்கு இணை தேடினால் பல வேளை ஏமாற்றமே கிடைக்கும். நாம் பாலாடைக்கட்டியைப் 'ஃபோர்மாஸ்' என்கிறோம். அது அச்சில் வார்க்கப்பட்டது என்ற பொருளுள்ள வேறோர் இலத்தீன் சொல். தெருவை 'லாரி' என்கிறோம். அதன் மூலமான 'ரூகா'வுக்கு இலத்தீனில் முகச்சுருக்கம் என்று பொருள். 597இல் அகஸ்டீன் கென்ட் நாட்டுக்கு வந்து கிறித்துவத்தைப் பரப்பிய பின் கோவிலோடு தொடர்புடைய சொற்கள் வந்தன. 'ஆல்டர்', 'மாஸ்', 'மங்க்' எல்லாம் அந்த வகை. அவற்றை விரைவாகக் கடந்துவிடலாம்.

நார்மானியரோடு வந்த மூன்றாவது கூட்டம்தான் மிகப் பெரியது, நமக்கு மிக நெருக்கமானதும் அதுவே. இரவு உணவைக் குறிக்கும் 'டின்னர்' என்ற சொல்லின் வரலாற்றை அகராதியில் படித்தபோது, நாம் நண்பகல் உணவுக்குச் சொல்லும் 'தெஸெனே'யும் இரவு உணவுக்குச் சொல்லும் 'தினே'யும் ஒரே இலத்தீன் சொல்லின் இரண்டு வடிவங்கள் என்பது விளங்கியது. 'யெயூனுஸ்' என்றால் நோன்பிருப்பவன்; அதன் முன் நீக்கலைக் குறிக்கும் 'திஸ்' சேர்ந்தால் நோன்பை முடித்தல். ஆங்கிலத்தின் 'பிரேக்ஃபாஸ்ட்' தன் சொந்தச் சொற்களால் சொல்வதும் இதையேதான். ஆக, காலை, நண்பகல், இரவு என்னும் மூன்று வேளை உணவுக்கும் பொருள் ஒன்றே: விரதம் முடித்தல். தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதமிருந்து, முடிவில் வாழையிலையில் ஏழு கறி பரிமாறப்படுவதைக் கண்டவர்களுக்கு இதைக் கூடுதலாக விளக்கத் தேவையில்லை.

இந்த அகராதியில் நான் மிகுந்த நேரம் நின்ற இடம் 'இன்டென்ட்' என்ற பதிவும் அதிலிருந்து பிறந்த 'இன்டென்சர்' என்ற சொல்லும் ஆகும். 1834 முதல் இத்தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களைக் குறிக்க வரலாற்று நூல்கள் பயன்படுத்தும் சொல் இது; தமிழில் ஒப்பந்தத் தொழிலாளர் என்கிறோம். அதன் வேர் இலத்தீனில் பல் என்று பொருள்படும் 'தென்ஸ்'. கிரியோலில் நாம் பல்லுக்குச் சொல்லும் 'லெதாங்' அதே சொல்தான். ஓர் ஒப்பந்தத்துக்கும் பல்லுக்கும் என்ன உறவு என்றால், இடைக்கால ஐரோப்பாவில் உடன்பாட்டை ஒரே தோலில் இரண்டு முறை எழுதி, நடுவில் பற்கள் போல வளைத்து வளைத்து வெட்டி, ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொள்வார்கள். பின்னாளில் வழக்கு வந்தால் இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பற்கள் பொருந்தினால் ஆவணம் உண்மையானது, பொருந்தாவிட்டால் யாரோ புரட்டு செய்திருக்கிறார்கள். இரு தரப்பும் சமமாகக் கையில் வைத்திருக்க வேண்டிய பாதுகாப்பு அது. வெட்டும் வழக்கம் மறைந்து பெயர் மட்டும் நின்ற காலத்தில்தான் நம் முன்னோர், தங்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட தாளில் அடையாளமிட்டுக் கப்பல் ஏறினார்கள். போர்ட் லூயிஸில் அவர்கள் வந்திறங்கிய இடம் 2006இல் உலக மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இன்று ஆப்ரவாசி காட் எனப்படும் அவ்விடத்துக்கு முன்பு இருந்த பெயரில் 'கூலி' என்ற சொல் இருந்தது. அச்சொல் நாட்கூலி என்னும் நம் தமிழ்ச் சொல்லா, குஜராத்தின் கோலி என்ற குடியின் பெயரா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. இலத்தீனின் பல்லும் தமிழின் கூலியும் ஒரே படித்துறையில் சந்தித்தன என்பதை ஸ்கீட் சொல்லவில்லை, சொல்ல அவருக்குக் காரணமும் இல்லை. அதை அவருடைய அகராதியை வைத்துக்கொண்டு நாம்தான் சேர்த்துப் படிக்க வேண்டும்.

'வில்லன்' என்ற பதிவும் ஏறக்குறைய அதே கசப்பைத் தருகிறது. தமிழ்த் திரைப்படத்தால் தமிழாகவே ஆகிவிட்ட இச்சொல்லுக்கு அடியில் இருப்பது பண்ணை வீட்டைக் குறிக்கும் இலத்தீன் 'வில்லா'. 'வில்லானுஸ்' என்றால் அந்தப் பண்ணையில் உழைக்கும் ஏழை. பண்ணையாரின் வாயில் உழவன் என்ற சொல் வசையாகி, வசை கொடியவன் என்ற பொருளாக உறைந்துவிட்டது. நம் படங்களில் பண்ணையார்தான் பெரும்பாலும் வில்லன் என்பதை நினைத்துச் சிறிது ஆறுதல் அடையலாம்.

இதே அகராதியை வைத்து நம் நாட்டின் குறிக்கோள் உரையையும் படிக்கலாம். கடவுச்சீட்டின் அட்டையில் உள்ள அரசுச் சின்னத்தில் 'ஸ்தெல்லா கிலாவிஸ்குவே மாரிஸ் இந்திகி' என்ற இலத்தீன் வரி இருக்கிறது; இந்துமாக்கடலின் விண்மீனும் திறவுகோலும் என்று அதற்குப் பொருள். இலத்தீன் அகராதி கையில் இல்லாமலே, ஸ்கீட்டின் ஆங்கிலப் பதிவுகளிலிருந்து இதன் ஒவ்வொரு சொல்லையும் எட்டிவிடலாம். கழுத்தெலும்பைக் குறிக்கும் 'கிளாவிக்கிள்' சிறிய சாவி. கதவைப் பூட்டிக்கொண்டு கூடும் அவையான 'கான்கிளேவ்' சாவியோடு கூடியது. இசைக் குறியீட்டின் 'கிளெஃப்' பிரெஞ்சு வடிவிலேயே வந்த சாவி. நம் வீட்டுச் சாவிக்கு நாம் சொல்லும் 'லாக்லே'யில் இருப்பதும் அந்தக் 'கிலாவிஸ்'தான். 'லாமெர்' என்ற கடலும் 'ஸெத்வால்' என்ற விண்மீனும் மற்ற இரண்டைத் தருகின்றன. 'மொரீசியஸ்' என்ற பெயரே 1598இல் டச்சுக்காரர் தங்கள் இளவரசர் மௌரிட்ஸின் பெயரை இலத்தீனாக்கி இட்டது என்பதால், இந்நாட்டவர் இலத்தீன் தமக்குத் தொலைவானது என்று சொல்லிக்கொள்ளவே முடியாது. எல்லாம் சரி என்பதற்கு நாம் நாள் முழுவதும் சொல்லும் 'கொரெக்' கூட, நேராக ஆளுதல் என்ற பொருளுள்ள 'ரெகெரே'யின் வழித்தோன்றல்.

இனி குறைகள். நூறாண்டுக்கு மேல் பழமையான நூல் என்பதால் சில முடிவுகள் பின்னால் மாறிவிட்டன; அவற்றுள் ஒன்று நம்மை நேரடியாகத் தொடுகிறது. இஞ்சியைக் குறிக்கும் 'ஜின்ஜர்' என்ற சொல்லைப் பிரெஞ்சு, இலத்தீன், கிரேக்கம் என்று பின்னோக்கிக் கொண்டுபோகும் ஸ்கீட், சமஸ்கிருதத்தின் 'சிருங்கவேர'த்தில் நிறுத்திவிடுகிறார். 'சிருங்கம்' என்றால் கொம்பு; ஆகவே கொம்பு வடிவானது என்று அக்காலத்தில் பொருள் கொண்டார்கள். பிற்கால மொழியியலர் அந்தச் சமஸ்கிருத வடிவமே தென்னாட்டுச் சொல்லைக் கேட்டு, கொம்பு என்று பொருள் தோன்றுமாறு திருத்திக்கொண்டது என்றும், அதன் அடியில் இருப்பவை நம் இஞ்சியும் வேரும் என்றும் காட்டியிருக்கிறார்கள். சந்தையில் 'ஸென்ஸாம்' என்று கேட்டு வாங்கும்போது நாம் கேட்பது பல மொழிகள் சுற்றி வந்த திராவிடச் சொல்லை என்பது இந்த அகராதியில் கிடைக்காது. ஆயினும் மிளகுக்கான 'பெப்பர்' என்ற சொல்லை இலத்தீனின் 'பீப்பெர்' வழியாக இந்தியாவின் பிப்பலிக்கு, அதாவது நம் திப்பிலிக்கு, அவர் சரியாகவே கொண்டுவந்து சேர்க்கிறார். 'கட்டமரான்', 'செரூட்', 'மல்லிகடானி' ஆகியவற்றுக்குத் தமிழ் என்றே குறியிட்டு, கட்டுமரத்தையும் சுருட்டையும் மிளகுத் தண்ணீரையும் காட்டுகிறார். மிளகுத் தண்ணீர் வேறு எதுவுமன்று, திருமண விருந்தில் நாம் 'ரசோன்' என்று ஊற்றிக்கொள்வதுதான்.

இஞ்சியில் அவர் தவறவிட்டதைப் பிடித்துக்கொண்டு, ஆங்கிலச் சொல் அனைத்தும் தமிழே என்று கிளம்பிவிடுபவர்களுக்கும் இந்த அகராதி நல்ல மருந்து. 'ஒன்' என்பது ஒன்று என்ற சொல்லிலிருந்து வந்தது என்று மேடையில் கேட்டுக் கைதட்டியவர்கள் நம் ஊரிலும் உண்டு. பழைய ஆங்கிலத்தில் அச்சொல் 'ஆன்' என்று ஒலித்தது. இலத்தீனில் 'ஊனுஸ்', அதற்கும் முன்னே 'ஒய்னோஸ்'. தொடக்கத்தில் இன்று கேட்கும் வகர ஒலி இடைக்காலத்தின் பிற்பகுதியில்தான் ஒட்டிக்கொண்டது. 'ஒன்லி', 'அலோன்' என்னும் சொற்கள் அந்த ஒலி சேராத பழைய உச்சரிப்பின் சுவட்டை இன்றும் காப்பாற்றி வைத்திருக்கின்றன. இடைப்பட்ட வடிவங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒற்றுமை தானாகக் கரைந்துவிடுகிறது. இஞ்சிக்கு வரிசை நிற்கிறது, ஒன்றுக்கு நிற்கவில்லை. இந்த வேறுபாட்டைக் காணும் பழக்கத்தை ஸ்கீட் தருகிறார் என்பதற்காகவே அவருடைய பழமையை நான் பொறுத்துக்கொள்கிறேன்.

வேறு சில குறைகளும் உள்ளன. எந்தச் சொல் எந்த ஆண்டில் முதன்முதலாக எழுத்தில் வந்தது என்பதைச் சுருக்கப் பதிப்பு பொதுவாகச் சொல்வதில்லை. சொல்லின் வயதை அறிய விரும்புபவர் வேறு நூலை நாட வேண்டும். ஜெர்மானிய மொழிகளை 'ட்யூட்டானிக்' என்று குறிப்பிடும் வழக்கம் இன்றைய மாணவரைக் குழப்பும். இருபதாம் நூற்றாண்டின் சொற்கள் இதில் இருக்கப்போவதில்லை. 'டெலிவிஷன்' தேடுபவர் ஏமாறுவார், அதன் இரண்டு பாதிகளையும் தனித்தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும். உச்சரிப்பு இல்லை, எடுத்துக்காட்டு வாக்கியம் இல்லை, பொருள் விளக்கமும் ஒரு சொல், இரண்டு சொல் அளவில்தான். இதைப் பொது அகராதிக்கு மாற்றாக நினைத்துப் பள்ளிப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால் அது அலமாரியில்தான் தூங்கும். மேல்நிலைச் சான்றிதழ்த் தேர்வுக்கு ஆங்கில இலக்கியமோ பிரெஞ்சோ எடுத்திருக்கும் மாணவருக்கும், மொழி ஆசிரியருக்கும், மொழிபெயர்ப்பில் ஈடுபட்டிருப்பவருக்கும் தயங்காமல் சொல்வேன். தமிழ் ஆசிரியர்களுக்கும் சொல்வேன்: கிரியோலையே முதல் மொழியாகக் கொண்ட வகுப்பில் சொல்லின் வேர், விகுதி, திரிபு என்பவற்றை விளக்க, பிள்ளைகளின் வாயில் இருக்கும் சொல்லிலிருந்தே தொடங்கலாம்.

கைப்பேசியில் இலவசமாகவே சொல் வரலாறு கிடைக்கும்போது தாளில் அச்சிட்டது எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் அனுபவத்தில் ஒரே பதில்தான் உண்டு. திரையில் தேடிய சொல் மட்டும் கிடைக்கும். தாளில் அதன் அண்டை வீட்டாரும் கிடைப்பார்கள். 'பாய்சன்' என்ற சொல்லைத் தேடிப் போனவன், சில பக்கம் தள்ளி 'போஷன்' என்ற மருந்து நீரைக் கண்டு, நஞ்சும் மருந்தும் குடித்தல் என்னும் ஒரே இலத்தீன் சொல்லிலிருந்து வெவ்வேறு காலத்தில் வந்த இரட்டைப் பிள்ளைகள் என்று அறிந்தது புரட்டியதால்தான். நாம் நஞ்சுக்குச் சொல்லும் 'ப்வாஸோங்' மூத்த பிள்ளையின் பக்கம் நிற்கிறது.

எந்தப் பதிப்பை வாங்குவது என்பதில் மட்டும் கவனம் தேவை. 1901இல் திருத்தப்பட்ட வடிவத்தையோ அதற்குப் பின் அச்சானதையோ மட்டுமே வாங்க வேண்டும். 1882இன் முதல் வடிவத்தில் இருந்த பலவற்றை ஸ்கீட் தாமே பின்னர் மாற்றியிருக்கிறார், ஆகவே மலிவாகக் கிடைக்கிறது என்று அதை எடுப்பது வீண். பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் ஒளிவருடிய படிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் அதில் பத்துப் பதினைந்து சொற்களைத் தேடிப் பார்த்து, பிடித்தால் புத்தகம் வாங்கலாம். ஒளிவருடிய படியையே அப்படியே அச்சிட்டு விற்கும் புதுப் படிகள் சிலவற்றில் ஓர எழுத்துகள் வெட்டுப்பட்டும் பக்கங்கள் சாய்ந்தும் இருக்கின்றன. தபாலில் வரவழைப்பதைவிடக் கடையில் கையில் எடுத்துப் பார்ப்பதே நல்லது. எழுத்து மிகச் சிறியது, வெள்ளெழுத்து வந்தவர்களுக்குக் கண்ணாடி போதாது, பூதக்கண்ணாடியும் வேண்டும். பழைய புத்தகமாக வாங்குபவர்கள் கிரேக்க எழுத்தில் அச்சான சொற்கள் தெளிவாக இருக்கின்றனவா என்று நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளட்டும். மோசமான மறு அச்சில் முதலில் மங்குவது அவைதாம்.